தொட்டிச் செடியில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டுத் தோட்டத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீர், வடிகால், வெயில் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். பூச்சியும் நோயும் அதற்குப் பிறகுதான். ஆனால் இலை மஞ்சளானதும் பலர் முதலில் கையில் எடுப்பது உரப் பொட்டலம், அடுத்தது மருந்துப் புட்டி. அந்த வரிசையை இங்கே தலைகீழாக்கியிருக்கிறோம். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். உங்கள் செடிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் கீழே உள்ள ஐந்து நிமிடச் சோதனையைத் தாண்டிப் போக வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

1. ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. விடுங்கள். மேல்மண் வெளுத்துக் காய்ந்து தெரியும்போதே உள்ளே சேறாக இருப்பது உண்டு. மேலே ஈரமாக இருந்து நடுவே பொடியாகக் கிடப்பதும் உண்டு.
2. தொட்டியைச் சற்றுச் சாய்த்து எடை பாருங்கள். தண்ணீர் விட்டவுடன் என்ன கனம், விடுவதற்கு முன் என்ன கனம் என்பது இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். அதன்பின் விரல் விடவே தேவையிராது.
3. அடித்துளையைப் பாருங்கள். வேரோ மண்ணோ அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.
4. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழும் புள்ளிகள் நகர்ந்தால் அவை பூச்சி, நகராவிட்டால் தூசி.
5. பக்கத்து வீட்டில் அதே செடி இருந்தால் அதை ஒரு பார்வை பாருங்கள். அவர்கள் செடி நன்றாக இருந்து உங்களுடையது மட்டும் வாடினால் கோளாறு உங்கள் தொட்டிக்குள் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் ஒரே அறிகுறி என்றால் வானிலை, தண்ணீரின் தன்மை, பறந்து வரும் பூச்சி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இந்த ஒப்பீட்டுக்கு ஈடான சோதனைக் கருவியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இடத்தையும் மாற்றி, உரமும் போட்டு, மருந்தும் அடித்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. தண்ணீர் தொடர்பான மாற்றத்தின் பலன் 2–3 நாளில் தெரியும். சத்து தொடர்பானது தெரிய 10–14 நாள் ஆகும். முழுதாக மஞ்சளான பழைய இலை மறுபடி பச்சையாகாது. அதனால் எப்போதும் புதுத் துளிரை வைத்தே தேறுகிறதா என்று கணியுங்கள்.

## செடி வாடித் தொங்குகிறது

### மண் காய்ந்திருக்கிறது

தண்ணீர் விட்டால் ஓரிரு மணி நேரத்தில் நிமிரும். நிமிர்ந்தால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் விட்டதும் அடியில் சட்டென்று வழிந்து, செடி மட்டும் நிமிராவிட்டால் மண்கலவை இறுகி, ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறது. கலவை ஒருமுறை முழுதாகக் காய்ந்து சுருங்கிவிட்டால் தண்ணீரை எளிதில் உள்ளே வாங்காது. மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் ஓரமாக ஓடிவிடும். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கால் உயரம் வரை அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். சுமார் அரை மணி ஆகும். பிறகு எடுத்து வடியவிட்டு, ஓர இடைவெளியில் புதுக் கலவையை அழுத்தி நிரப்புங்கள். மேலே 3–5 செ.மீ. காய்ந்த இலை மூடாக்குப் போட்டால் இது மறுபடி வருவது வெகுவாகக் குறையும்.

### மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது

அதிகம் செடிகள் போவது இதில்தான். வாடிய செடியைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். அந்தத் தண்ணீரே கடைசி அடியாகிவிடும். நனைந்து ஊறிக் கிடக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகத் தொடங்கினால் பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அதை உறிஞ்ச முடியாது.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, நேரடி வெயில் படாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மூன்று நாளில் தேறவில்லையா? செடியை மண்ணோடு வெளியே எடுத்து வேரைப் பாருங்கள்.

வேர் வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருந்து, கிள்ளினால் உறுதியாக இருந்தால் நல்லது. கலவையை மட்டும் மாற்றினால் போதும். தோட்ட மண், மட்கிய உரம், கழுவிய நார்த்தூள் மூன்றும் சம பங்கு சேர்த்தால் பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்குச் சரியாக இருக்கும். வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் கையோடு வந்து, நாற்றமும் அடித்தால் அது வேரழுகல். ஸ்பிரிட்டில் துடைத்த கத்திரியால் அழுகியதை எல்லாம் வெட்டுங்கள். எவ்வளவு வேர் போனதோ அந்த அளவுக்கு மேலேயும் கிளையைக் குறையுங்கள். மூன்றில் ஒரு பங்கு வரை தயங்காமல் வெட்டலாம். புதுக் கலவையில் நட்டு, ஒருமுறை தண்ணீர் விட்டு, 7–10 நாள் நிழலில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு எந்த உரமும் வேண்டாம். பாதிக்கு மேல் வேர் அழுகியிருந்தால் நல்ல கிளையிலிருந்து குச்சி எடுத்து நட்டுவிடுவதே புத்திசாலித்தனம். செம்பருத்தி, ரோஜா, மல்லிகை எல்லாம் அப்படிப் பிழைக்கும்.

வடிகாலுக்கு என்று தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்குவதைப் பலர் விடாமல் செய்கிறார்கள். அதனால் வடிகால் மேம்படாது. நயமான மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளி கொண்ட கல்லுக்குள் எளிதில் இறங்காது, மண் நன்றாக ஊறிய பிறகே இறங்கும். அதனால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும். துளை மேல் ஒரு துண்டு வலை போதும். 12 அங்குலத் தொட்டிக்கு 1 செ.மீ. அளவில் நாலைந்து துளை வேண்டும்.

### பகலில் வாடி, மாலையில் தானே நிமிர்கிறது

மதிய வெயிலில் இலை விடும் ஈரத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாத நிலை இது. காலையில் மண் ஈரமாக இருந்தால் கவலை வேண்டாம். அகல இலைச் செடிகளான பூசணி, வெண்டைக்கு இது இயல்பு. தினமும் இப்படி ஆனால் தொட்டி சிறிதாகிவிட்டது என்று பொருள். தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 15–20 லிட்டர் மண் வேண்டும்.

### நேற்று நன்றாக இருந்த செடி இன்று பச்சையாகவே சாய்ந்துவிட்டது

தக்காளி, கத்தரி, மிளகாயில் இலை மஞ்சளாகாமலே முழுச்செடியும் தொங்கினால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகியுங்கள். தண்டை அடியில் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அதேதான். இதற்கு மருந்து கிடையாது. செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் மறுபடி வைக்க வேண்டாம். வெட்டிய கத்தியைக் கழுவி ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

பால் இழை வரவில்லை, ஆனால் வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கிறது என்றால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணைப் பரப்பிக் கடும் வெயிலில் கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாள் மூடி 4–6 வாரம் சூடேற்றலாம். அடுத்து அதில் செண்டுமல்லி வைக்கலாம். பயறு, அவரைச் செடிகளின் வேரில் இருக்கும் உருண்டைகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை நன்மை செய்யும் பாக்டீரியா வாழும் இடம். நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரோடு சேர்ந்தே வீங்கியிருக்கும், தனியே உதிராது.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: ஒரே வாரத்தில் இரண்டாவது, மூன்றாவது தொட்டிக்கும் பரவினால், அல்லது மண்ணில் நேரடியாக வைத்த பெரிய மரம் ஒருபக்கமாக வாடினால், வேளாண் அலுவலரிடமோ அனுபவமுள்ள தோட்டக்காரரிடமோ காட்டுங்கள்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சளாகிறது என்பதுதான் முதல் கேள்வி.

### அடி இலை மட்டும், சீராக

மாதத்துக்கு இரண்டு மூன்று இலை உதிர்வது முதுமையால், அதை விட்டுவிடுங்கள். வேகமாக அடியிலிருந்து மேலேறினால் முதலில் ஈரம் பாருங்கள், மேலே சொன்ன வேர்ச் சோதனையைச் செய்யுங்கள். ஈரம் சரியாக இருந்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. செடி தன் பழைய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துப் புதுத் துளிருக்குக் கொடுக்கும். அதனால்தான் அடி இலை முதலில் வெளுக்கிறது. 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் மேல்மண்ணில் கிளறிவிடுங்கள், 15–20 நாளுக்கு ஒருமுறை. வேகமாகத் தேற வேண்டுமானால் நீரில் கரைந்த மீன் அமிலமோ பிண்ணாக்குக் கரைசலோ நன்றாக நீர்த்து ஊற்றலாம்.

தொழுவுரம் சேர்த்த பிறகே மஞ்சளானதா? உரம் சரியாக மட்கவில்லை. ஒரு கைப்பிடியை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். புளிப்போ அமோனியா நெடியோ அடித்தால் அது தயாராகவில்லை. மண்வாசம் வந்தால் போடலாம்.

### துளிர் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்துக் குறையின் அறிகுறி. மண்ணில் இரும்பு இல்லாமல் இருப்பது அபூர்வம். காரத்தன்மை கூடிய மண்ணிலோ தண்ணீரிலோ, அல்லது சொதசொதவென்ற மண்ணிலோ வேரால் அதை எடுக்க முடியாமல் போகும். ஆகவே வடிகாலை முதலில் சரிசெய்யுங்கள். உப்பும் சுண்ணாம்பும் கூடிய நிலத்தடி நீர்தான் ஊற்றுகிறீர்கள் என்றால் மழைநீரைப் பிடித்துவைத்துப் பத்து நாள் ஊற்றிப் பாருங்கள். புதுத் துளிர் பச்சையாக வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. உடனடிப் பலனுக்கு, கீலேட் செய்த (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள) இரும்பை லிட்டருக்கு அரை முதல் 1 கிராம் கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம். அது அறிகுறியை மட்டும் மறைக்கும், மூலக்காரணம் மண்ணிலேயே இருக்கும்.

இதே பச்சை நரம்பு அடி இலையில் தெரிந்தால் மெக்னீசியக் குறை. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. எப்சம் உப்பை எல்லாச் செடிக்கும் மாதாமாதம் போடும் பழக்கம் தேவையில்லாதது. மெக்னீசியம் மிகுந்தால் வேர் கால்சியம் எடுப்பது தடைப்படும்.

### புள்ளி புள்ளியாக வெளுத்து, மணல் தூவியதுபோல்

அடிப்பக்கத்தில் மெல்லிய வலையும் நகரும் சிவப்புப் புள்ளியும் தெரிந்தால் செஞ்சிலந்தி. காய்ந்த, சூடான நாள்களில் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை. இரண்டு வாரம் இதைச் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

### நுனியும் ஓரமும் கருகி மஞ்சளாகிறது

மண்ணின் மேலோ தொட்டியின் வெளிச்சுவரிலோ வெள்ளைப் படிவு இருக்கிறதா? உப்புச் சேர்ந்துவிட்டது. தொட்டியின் கொள்ளளவுபோல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம். புது நார்த்தூள் கட்டியைக் கழுவாமல் சேர்த்தாலும் இதே நிலை வரும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகே கலக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: மேலே சொன்னது எல்லாம் செய்து ஒரு மாதம் ஆகியும் புதுத் துளிர் மஞ்சளாகவே வந்தால், மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்தில் கார அமில நிலைக்கும் உப்பளவுக்கும் சோதிக்கக் கொடுங்கள். நாலைந்து தொட்டியிலிருந்து, மேல்மண்ணைத் தள்ளிவிட்டு எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ கொண்டுபோனால் போதும்.

## இலை சுருள்கிறது, முறுக்கிக்கொள்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, துளிர் சுருங்கினால் கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் சிலந்தி. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்தை அடிப்பதால்தான் பலருக்குத் தீர்வதில்லை.

இலைப்பேனுக்கு: வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 1–2 மி.லி. இரண்டையும் முதலில் கலந்து, அதன்பின் 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றிக் குலுக்குங்கள். தண்ணீரில் நேராக எண்ணெய் விட்டால் மேலே மிதக்கும், இலை பொசுங்கும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒருநாள் பாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இருபக்கமும், 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். மஞ்சள் சிலந்திக்கு: நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது. வெள்ளரி, பூசணி வகைக் கொடிகளுக்குக் கந்தகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தக்காளியில் அடி இலைகள் மட்டும் நீளவாக்கில் மேலே சுருண்டு, தோல்போல் தடித்து, துளிர் நன்றாக இருந்தால் வெயிலுக்கும் கவாத்துக்கும் (கிளை வெட்டுவதற்கும்) செடி காட்டும் எதிர்வினை அது. ஒன்றும் செய்ய வேண்டாம். துளிரே சிறுத்து, மஞ்சள் ஓரத்தோடு கிண்ணம்போல் குவிந்து, செடி வளர்ச்சி நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். குணமாகாது. மனசு வராமல் வைத்துக்கொண்டால் பக்கத்துச் செடிகளுக்கும் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகும். அதிகாலையில் ஈக்கள் அசையாமல் இருக்கும்போது செடியின் மேல் பெரிய பையைக் கவிழ்த்து, அதற்குப் பிறகே அடியில் வெட்டி, அப்படியே கட்டிவிடுங்கள். மிஞ்சிய செடிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள்.

இலை நாடாபோல் குறுகி, நரம்புகள் இணையாக ஓடி, தண்டும் திருகிக்கொண்டால் களைக்கொல்லியை நினைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் புல்லுக்கு அடித்தது காற்றில் வந்திருக்கலாம். களைக்கொல்லி பட்ட தீவனம் தின்ற மாட்டின் எருவிலும் அது தங்கியிருக்கும். சண்டை போடாமல் கேட்டாலே போதும். அடுத்த முறை காற்றில்லாத நேரத்தில் அடிக்கவும், முன்கூட்டிச் சொல்லவும் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். சந்தேகத்துக்குரிய எருவில் முதலில் நாலு பயறு விதைத்துப் பாருங்கள். முளை திருகினால் அந்த எருவைத் தொட வேண்டாம்.

## பிசுபிசுப்பு, எறும்பு வரிசை, வெள்ளைப் பஞ்சு

எறும்பு செடி ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை வடிக்கும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். ஆகவே எறும்பை நிறுத்தாமல் பூச்சிக்கு மட்டும் மருந்தடித்தால் மறுபடி வரும். தொட்டி வைத்திருக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள், சுவரையோ வேறு செடியையோ தொடும் கிளையைக் கவாத்து செய்யுங்கள்.

அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே உதிர்க்கலாம். மாவுப்பூச்சி மெழுகு பூசிக்கொண்டிருக்கும், தண்ணீர் பிடிக்காது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள், கணுவிடுக்கை விடாதீர்கள். செம்பருத்தியில் நுனி முழுக்க அப்பியிருந்தால் அந்த நுனியை ஒரு சாண் வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலைமேல் படியும் கறுப்புப் பூசணம் அந்த இனிப்புக் கழிவில் வளர்வதுதான். பூச்சி போனபின் ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும். இடையில் பொறிவண்டின் புழுவைப் பார்த்தால் கொன்றுவிடாதீர்கள். கறுத்து, முதலையைப்போல் நீண்டு, ஆரஞ்சுப் புள்ளியோடு அலையும் அந்தப் புழு அசுவினியைத் தின்று தீர்ப்பது பார்க்கவே மகிழ்ச்சியான காட்சி.

## வெள்ளைப் பொடி பூசியதுபோல் இலை

சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் பொடி வரும். நெருக்கத்தைக் குறையுங்கள், பாதித்த அடி இலையை அகற்றுங்கள், வெயில் கூடக் கிடைக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் 1 பங்கு பால், 9 பங்கு தண்ணீர் கலந்து வெயில் உள்ள காலையில் வாரம் ஒருமுறை தெளித்தால் கொடிகளில் நன்றாகக் கட்டுப்படும். பாதி இலைக்கு மேல் பரவிய பின் பால் போதாது. கொடிகள் தவிர்த்த செடிகளுக்கு நனையும் கந்தகம், முன்சொன்ன எச்சரிக்கையோடு.

## விதை முளைக்கவில்லை, முளைத்தது சாய்கிறது

பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் வைத்துப் பாருங்கள். தக்காளி ஒரு வாரம், மிளகாய் இரண்டு வாரம் வரை எடுக்கும். ஏழெட்டு முளைத்தால் விதை நல்லது, கோளாறு உங்கள் மண்ணிலோ ஆழத்திலோ இருக்கிறது. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையைத் தூவி, மேலே மெல்லிய மண் பரப்பினாலே போதும்.

முளைத்த நாற்று அடித்தண்டில் நூல்போல் மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மிஞ்சியதை வெளிச்சத்துக்கு மாற்றி, மேலே தண்ணீர் தெளிக்காமல் குழித்தட்டின் அடியில் தண்ணீர் வைத்து உறிஞ்சவிடுங்கள். நாற்று மெலிந்து நெட்டையாக ஓடுவது வேறு, அது வெளிச்சக் குறை. தக்காளி நாற்றானால் முதல் இலை வரை ஆழப் புதைத்து நடலாம், தண்டில் வேர் விடும்.

## பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

வெயில் முதல் கணக்கு. காய்க்கும் செடிக்கு நேரடி வெயில் 6 மணி நேரம் வேண்டும். ஒருநாள் மணிக்கு ஒருமுறை பார்த்து, வெயிலா நிழலா என்று எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டு மரக்கிளையின் நிழல் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும்.

தக்காளியில் பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ பூ உதிரும். மதிய நேரத்தில் நிழல்வலை கட்டிக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வெப்பம் சரியாக இருந்தும் உதிர்ந்தால் காலை 10 மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டுங்கள். காற்று எட்டாத பால்கனியில் இது ஒன்றே போதும்.

கொடிகளில் முதல் இரண்டு வாரம் ஆண் பூதான் வரும். பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. குட்டிக் காய் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில் செய்ய வேண்டும். சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையில், பூ விரியும் நேரத்தில்.

இலை கரும்பச்சையாகத் தழைத்து, பூவே வராவிட்டால் தழைச்சத்து அதிகம். ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள். ரோஜாவும் குண்டுமல்லியும் பூக்காமல் நின்றால் கவாத்து செய்யுங்கள், அவை புதுத் துளிரில் பூப்பவை.

### தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிகிறது

நோய் இல்லை, தொற்றாது. கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் கால்சியம் பெரும்பாலும் இருக்கும். அதைக் காய்க்குக் கொண்டுசெல்வது தண்ணீர். ஒருநாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடித்தால் அந்த ஓட்டம் அறுந்துவிடும். கறுத்த காயைப் பறித்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஊற்றுங்கள், மூடாக்குப் போடுங்கள். அடுத்த குலை சுத்தமாக வரும். முட்டை ஓட்டுத் தூள் மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இப்போதைய காய்க்கு உதவாது.

## வெளியூர் போய் வந்தபின் செடி படுத்துக் கிடக்கிறது

பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துப் போயிருந்தால் காய்ந்து போனதைவிட அழுகிப் போனதே அதிகம் காணப்படுகிறது. அடுத்தவர் செடி காய்ந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் அவர்கள் கூடுதலாக ஊற்றிவிடுவார்கள். வந்தவுடன் விரல் சோதனை செய்து, ‘செடி வாடித் தொங்குகிறது’ என்ற தலைப்பின்படி போங்கள்.

அடுத்த முறைக்கு: மூன்று நாலு நாள் என்றால் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். தொட்டிகளை நிழலில் நெருக்கமாக அடுக்கி, முழுக்க நனைத்து, மூடாக்குப் போட்டால் தாங்கும். அதற்கு மேல் என்றால் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே பக்கத்து வீட்டாரை அழைத்து ஒருமுறை கூடவே நின்று ஊற்றச் செய்யுங்கள். தினமும் தண்ணீர் வேண்டிய தொட்டியில் நீல நூல், மூன்று நாளுக்கு ஒருமுறை போதும் என்பதில் சிவப்பு நூல் கட்டுங்கள். கற்றாழை, சதைப்பற்றுள்ள செடிகளை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வையுங்கள். 1 லிட்டர் குவளை ஒன்றை வைத்து, தொட்டிக்கு எத்தனை குவளை என்று எழுதி ஒட்டுங்கள். பழுத்த காயை அவர்களே பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெண்டையும் வெள்ளரியும் பறிக்காமல் முற்றினால் செடி காய்ப்பதைக் குறைத்துவிடும், ஆகவே அவர்கள் பறிப்பது செடிக்கும் உதவி.

## தோட்டக்காரரிடம் காட்டும்போது

ஒற்றை இலையைப் பறித்துக் கொண்டுபோனால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. முழுச்செடி, இலையின் இருபக்கம், மண்ணோடு சேரும் தண்டடி, வேர் என நாலு படம் எடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் எவ்வளவு தண்ணீர், என்ன உரம், என்ன மருந்து என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல தோட்டக்காரர் பதில் சொல்லுமுன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். தொடாமலே மருந்துப் பெயர் சொல்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். இரசாயன மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால், அது உண்ணும் செடிக்கு ஏற்றதா, அடித்த எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதை உறைமேல் படித்துப் பார்த்துவிட்டு அனுமதியுங்கள்.

## மாடித் தளத்தில் ஈரம், கீழ்வீட்டுக் கூரையில் கறை

இது செடியின் கோளாறாகத் தெரியாது, ஆனால் தொட்டியிலிருந்தே வருகிறது. கறைக்கு நேர்மேலே இருக்கும் தொட்டிகளை நகர்த்தி, அடியில் இலை மக்கி அடைத்திருக்கும் இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் வேரோ மண்ணோ இருந்தால் எடுங்கள். தொட்டிகளைத் தரையில் ஒட்டி வைக்காமல் 5–10 செ.மீ. உயரத் தாங்கியில் வையுங்கள். வடியும் நீர் தேங்காமல் ஓட வேண்டும்.

இரண்டு வாரம் தொட்டி இல்லாமல் காயவிட்டும் கறை வளர்ந்தால் நீர்க்காப்புப் பூச்சு போய்விட்டது. அதற்கான வேலையாளை அழைக்கும் நேரம் இது. விரிசல் தெரிந்தாலோ, தளம் தொய்ந்ததுபோல் தோன்றினாலோ பூச்சு வேலைக்கு முன் கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும். நனைந்த 20 லிட்டர்த் தொட்டி ஒன்று 25–30 கிலோ இருக்கும். முப்பது தொட்டியை நடுத்தளத்தில் கூட்டினால் முக்கால் டன்னைத் தாண்டும். அவர் வந்து பார்க்கும்வரை கனமான தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களுக்கு மாற்றி வையுங்கள். தூக்குவதற்கு முந்தின நாள் தண்ணீர் விட வேண்டாம்.